வண்ணத்துப்பூச்சியின் வாழ்வு கண்ட தாமஸ் பெல்

உலகத்தார் பெரியவற்றையே வியந்து நோக்கும் இயல்பினர். வானளாவிய மலையையும், அலையெறியும் கடலையும், மதம் பொழியும் யானையையும் கண்டு மகிழ்வோர் பலர். காலடியில் ஊர்ந்து செல்லும் சிற்றுயிரைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலரே. அச்சிற்றுயிர்களுள்ளும் அழகுடையதை விரும்புவோர் உளர். அழகற்றதை விரும்புவோர் அரியர். மலருக்கு மலர் பறந்து திரியும் வண்ணத்துப்பூச்சியைக் காணும் சிறுவர் அதன் பின்னே ஓடுவர். அதே சிறுவர் இலைமேல் நெளியும் கம்பளிப்புழுவைக் கண்டால் முகஞ்சுளித்து விலகுவர். ஆயினும், அப்புழுவே இப்பூச்சியாயிற்று என்னும் உண்மையை எண்ணிப் பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றேயாம். அவ்வாறு எண்ணிப் பார்த்ததோடு அமையாமல், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் புழுக்களைத் தேடுவதிலும் வளர்ப்பதிலும் செலவிட்ட அறிஞர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே தாமஸ் ரீட் டேவிஸ் பெல் என்பவர்.

பெல்லின் பணியை உணர்வதற்கு முன், வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். திருவண்ணாமலையை அடுத்துள்ள வேங்கிக்கால் போன்ற ஊர்களில், ஏரிக்கரையிலும் தரிசு நிலத்திலும் பயிரிடுவாரின்றித் தானே தழைப்பது எருக்கஞ்செடி. வெந்தய நிறமும் கரிய விளிம்பும் உடைய ஒரு வண்ணத்துப்பூச்சி அச்செடியைச் சுற்றி மெல்லப் பறப்பதுண்டு. அதனை இக்காலத்தார் வெந்தய வரியன் என்பர். தாய்ப்பூச்சி ஓர் இலையில் ஒரு முட்டையாக இட்டுச் செல்லும். வெண்ணிற முட்டை கடுகினும் சிறியது. சில நாள்களில் அதனைப் பிளந்துகொண்டு புழு வெளிவரும். அது முதலில் தன் முட்டையின் ஓட்டைத் தின்னும்; பின்னர் இலையைத் தின்னத் தொடங்கும். வெள்ளை, கருப்பு, மஞ்சள் வரிகள் மாறி மாறி அமைந்த அதன் உடலில் மூன்று இணைக் கரிய இழைகள் நீண்டிருக்கும். புழு வளர வளர அதன் தோல் இடங்கொடாது. ஆதலின் நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கும். பின்பு உணவை விடுத்து, பட்டு நூலால் ஒரு பிடிப்பு அமைத்து, வால் மேலாகவும் தலை கீழாகவும் தொங்கும். இறுதித் தோலும் கழன்றபின் எஞ்சுவது பொற்புள்ளிகள் பதித்த ஒரு சிமிழ் போன்ற கூட்டுப்புழு. சில நாள்களில் அச்சிமிழ் வெடிக்க, கசங்கிய சிறகுகளோடு பூச்சி வெளிவரும். உடலிலுள்ள நீர்மம் சிறகின் நரம்புகளில் பாய, சிறகுகள் விரிந்து உலரும். உலர்ந்ததும் பூச்சி பறந்து செல்லும். இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் நிகழ்ந்து முடியும்.

இவ்வுண்மை இன்று சிறு குழந்தைகளும் அறிந்ததாயினும், பண்டைக் காலத்தில் ஐரோப்பிய அறிஞர்களும் இதனைத் தெளிய அறிந்திலர். சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று அவர்களுட் பலர் நம்பினர். 1668 ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி என்பவர், ஈக்கள் முட்டையிடாதபடி மூடிவைத்த இறைச்சியில் புழுக்கள் தோன்றா என்று சோதனை செய்து காட்டினார். அக்காலத்திலேயே, ஜெர்மானியப் பெண்மணியாகிய மரியா சிபில்லா மெரியன் என்பவர், பதின்மூன்றாம் வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, புழுக்களையும் அவை உண்ணும் செடிகளையும் ஓவியமாகத் தீட்டி வந்தார். அவர் 1679 ஆம் ஆண்டில் தம் முதற் புழு நூலை வெளியிட்டார். 1699 ஆம் ஆண்டில், தம் 52 ஆம் வயதில், இளைய மகளை உடனழைத்துக்கொண்டு கடல் கடந்து தென்னமெரிக்காவிலுள்ள சுரிநாமுக்குச் சென்று, அந்நாட்டுப் புழுக்களை வளர்த்து ஆராய்ந்தார். 1705 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பெருநூல் அறிஞருலகை வியக்க வைத்தது. பூச்சியை அறிய வேண்டுமாயின், அதனை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தல் வேண்டும் என்னும் நெறிக்கு அப்பெண்மணி வழிகாட்டியாக விளங்கினார்.

நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் நிலை வேறாக இருந்தது. 18 ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரருடைய குடியிருப்பில் பணியாற்றிய கேனிக் என்னும் மருத்துவர், தமிழ்நாட்டுப் பூச்சிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றுள் பலவற்றுக்கு ஃபாப்ரீசியஸ் என்னும் பேராசிரியர் இலத்தீன் மொழியில் பெயர் சூட்டினார். பின்னர் வந்தோரும் அவ்வாறே ஊசியிற் குத்திய உலர்ந்த பூச்சிகளின் சிறகுகளை மட்டும் நோக்கிப் பெயரிட்டுக்கொண்டே சென்றனர். பெயர்கள் பெருகின, அறிவு அந்த அளவுக்குப் பெருகவில்லை. அப்பூச்சி எந்தச் செடியில் முட்டையிடுகின்றது, அதன் புழு எவ்வடிவினது, எதனை உண்கின்றது, எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கின்றது என்னும் வினாக்களுள் பலவற்றுக்கு விடையில்லை. ஒருவருடைய பெயரை மட்டும் அறிந்து, அவருடைய பிறப்பையும் வளர்ப்பையும் தொழிலையும் அறியாதிருப்பது போன்ற நிலை அது. அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர் பெல் ஆவர்.

பெல் 1863 ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டில், கார்க் மாவட்டத்தைச் சார்ந்த பாண்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் பிறந்த குடும்பம் 12 மக்களைக் கொண்ட பெருங்குடும்பம். இளமையில் தமக்கையரிடம் வீட்டிலேயே கல்வி பயின்ற அவர், பின்னர் ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகரிலும் பயின்றார். 1880 களில் இந்தியக் காட்டிலாகாவில் சேர்ந்து பம்பாய் மாகாணத்துக்கு வந்தார். அவர் முதலில் பணியேற்ற இடம் தார்வார். பின்னர் வடகன்னட மாவட்டமே அவருடைய வாழ்க்கைக் களமாயிற்று. அம்மாவட்டம் அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. இன்று உத்தர கன்னடம் என்னும் பெயரோடு கர்நாடக மாநிலத்தில் உள்ளது. அதன் தலைநகர் கார்வார். ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை, இடையே கடலை நோக்கிப் பாயும் காளி ஆறு. மழைக்காலத்தில் விண்ணும் மண்ணும் ஒன்றாகுமாறு மழை பொழியும் நாடு அது. அம்மழையால் செழித்த காடுகள் எண்ணற்ற செடி கொடிகளுக்கும், அவற்றைச் சார்ந்து வாழும் பூச்சியினங்களுக்கும் தாயகமாய் விளங்கின.

நல்ல நிலம் கிடைத்தது போலவே நல்ல நண்பர்களும் பெல்லுக்குக் கிடைத்தனர். ஒருவர் எட்வர்டு எயிட்கன். உப்பு, சுங்க இலாகாவில் அலுவலர். இந்தியாவிலேயே, சாதாரா நகரில் 1851 ஆம் ஆண்டில் பிறந்தவர். 1883 ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கிய எண்மருள் ஒருவர். நகைச்சுவை ததும்ப இயற்கை நூல்கள் எழுதிப் புகழ் பெற்றவர். மற்றவர் ஜேம்ஸ் டேவிட்சன். வடகன்னட மாவட்டத்தின் கலெக்டர். பறவைகளைப் பற்றிய அறிவில் தேர்ந்தவர். பதவியால் மூவரும் வெவ்வேறு துறையினர். ஆர்வத்தால் ஒரே துறையினர். அலுவல் முடிந்தபின் அரசாங்க அதிகாரிகள் பலர் வேட்டையிலும் சூதிலும் பொழுது போக்கிய காலத்தில், இம்மூவரும் புதர்களின் இலைகளைப் புரட்டிப் புழுக்களைத் தேடினர்.

புழுவைத் தேடுவது எளிய செயலன்று. காட்டில் உள்ள செடிகளோ ஆயிரக்கணக்கின. ஒவ்வொரு பூச்சியின் புழுவும் தனக்குரிய சில செடிகளை மட்டுமே உண்ணும். வேறு இலையை முன்னே வைத்தால் பட்டினி கிடந்து மடியுமேயன்றி அதனைத் தீண்டாது. ஆகவே எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி உரியது என்பதைக் கண்டறிதலே முதற்பணி. அதற்குச் சிறந்த வழி தாய்ப்பூச்சியைப் பின்தொடர்தல். மலரில் தேனுண்ணும் பூச்சியைப் பின்தொடர்வதிற் பயனில்லை. தாழப் பறந்து, இலைக்கு இலை அமர்ந்து, கால்களால் இலையைத் தட்டித் தட்டி ஆராயும் பூச்சியே முட்டையிட இடந்தேடும் தாய். கால்களிலுள்ள சுவைப்புலனால் அது தன் மக்களுக்கு உரிய இலையைக் கண்டுகொள்கின்றது. முள்ளையும் சேற்றையும் பொருட்படுத்தாமல் அதன் பின்னே செல்பவர்க்கே அம்மறைபொருள் புலனாகும். தழைத்த இலையில் காணும் கடித்த தழும்பும், சுருட்டித் தைத்த இலையும், தரையில் உதிர்ந்து கிடக்கும் எச்சமும் கூடப் புழு இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கண்டெடுத்த புழுவை வளர்ப்பது அதனினும் அரிது. நாள்தோறும் புதிய தழை கொணர்தல் வேண்டும். வாடிய இலையை உண்ட புழு நோயுறும். ஈரம் மிகுந்தால் பூசணம் படரும். எறும்பு புகுந்தால் ஒரே இரவில் எல்லாம் அழியும். இவற்றினும் கொடியது மற்றோர் இடையூறு. சிறு குளவிகளும் ஈக்களும் புழுவின் உடலினுள்ளோ உடல்மீதோ முட்டையிட்டுச் செல்லும். புழு நலமாகவே வளர்வது போலத் தோன்றும், கூட்டுப்புழுவாகவும் மாறும். வளர்த்தவர் வண்ணத்துப்பூச்சியை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நாளில், கூட்டிலிருந்து குளவிகளே வெளிவரும். இத்தகைய ஏமாற்றங்களைத் தாங்கும் உள்ளம் படைத்தவரே இத்தொழிலுக்கு உரியர். தோல்வி கண்ட ஒவ்வொரு முறையும், அடுத்த பருவம் வரும் வரை காத்திருந்து மீண்டும் முட்டையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

இம்முயற்சி வீண்போகவில்லை. 1890 ஆம் ஆண்டில் டேவிட்சனும் எயிட்கனும் பம்பாய் மாகாணத்து வண்ணத்துப்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் பற்றி, இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை வெளியிட்டனர். 1896 ஆம் ஆண்டு முதல், பெல்லும் சேர்ந்து மூவருமாக வடகன்னட மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி விரிவாக எழுதினர். ஒரு மாவட்டத்துப் பூச்சிகளின் வாழ்க்கை அத்துணை நுணுக்கமாக எழுதப்பட்டமை அக்காலத்து இந்தியாவில் அரிய செயலாகும். பின்னர் டேவிட்சன் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். எயிட்கனும் கார்வாரை விட்டுச் சென்றார். 1909 ஆம் ஆண்டில் காலமானார். தோழர் இருவரும் பிரிந்தபின் பெல் தனித்து நின்றார். ஆயினும் எடுத்த பணியைக் கைவிட்டிலர்.

புழு வளர்ப்பால் உலகம் அடைந்த பயன் யாது என்று வினவலாம். பல ஐயங்கள் அதனாலேயே நீங்கின. மழைக்காலத்தில் பறக்கும் ஒரு பூச்சியின் சிறகடியில் கண் போன்ற புள்ளிகள் இருக்கும். கோடைக்காலத்தில் பறப்பதற்கு அவை மங்கி, உதிர்ந்த சருகு போன்ற தோற்றம் இருக்கும். இவற்றை வேறு வேறு இனங்கள் என்றே சிறகை மட்டும் நோக்கியவர்கள் எண்ணிப் பெயரிட்டனர். கல்கத்தாவில் வாழ்ந்த டி நீஸ்வில் போன்ற அறிஞர்கள் முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்து, ஒரே இனம் பருவத்துக்கேற்ப இருவேறு கோலம் கொள்கின்றது என்று நிறுவினர். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் கறிவேப்பிலை அழகியின் கதை இன்னும் வியப்பானது. அதன் பெண்பூச்சி மூன்று வேறு கோலங்களில் காணப்படும். ஒன்று ஆணைப் போன்றது. மற்றவை இரண்டும் ஆடுதின்னாப்பாளை போன்ற நச்சுக்கொடிகளை உண்டு வளர்ந்த வேறு இனப் பூச்சிகளைப் போன்றவை. நச்சுடைய பூச்சியென்று மயங்கிப் பறவைகள் அவற்றை விட்டுவிடுகின்றன. ஒரே தாயிட்ட முட்டைகளிலிருந்து இவ்வேறுபட்ட பெண்பூச்சிகள் பிறத்தலை வளர்த்துப் பார்த்தவரே உறுதியாகக் கூற இயலும்.

எருக்கின் பாலை உண்டு வளரும் வெந்தய வரியனும் நச்சுத்தன்மை உடையதே. அதனைப் போன்ற கோலம் பூண்டு பறக்கும் பெண்பூச்சி ஒன்று வேறோர் இனத்தில் உண்டு. வெளித்தோற்றத்தால் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆயின் புழுவை வளர்ப்பவர் மயங்கார். ஏனெனில் முன்னதன் புழு எருக்கையும், பின்னதன் புழு பருப்புக்கீரையையும் உண்ணும். கோலம் பொய் சொல்லலாம். பிறந்து வளர்ந்த வரலாறு பொய் சொல்லாது.

எறும்புகளோடு கூடி வாழும் நீலச் சிறு பூச்சிகளின் புழுக்களைப் பற்றியும் பெல் மிக விரிவாக எழுதியுள்ளார். இப்புழுக்கள் பலவற்றின் முதுகில் இனிய நீர் சுரக்கும் உறுப்பு ஒன்று உண்டு. எறும்புகள் அவற்றைத் தம் உணர்கொம்புகளால் தடவி, சுரக்கும் நீரைப் பருகும். அதற்குக் கைம்மாறாகக் குளவி முதலிய பகைகளிலிருந்து அப்புழுக்களைக் காக்கும். ஆயர் ஆநிரையைக் காத்துப் பாலைப் பெறுவது போன்றது இவ்வுறவு. எந்தப் புழுவோடு எந்த எறும்பு வாழ்கின்றது என்பதைக் காட்டிலும் வீட்டிலும் பல்லாண்டுகள் நோக்கிக் குறித்து வைத்தமை பெல்லின் பொறுமைக்குச் சான்றாகும்.

1909 ஆம் ஆண்டில் பெல் இந்தியச் சமவெளிகளிற் காணப்படும் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு தொடர் கட்டுரையைக் கழக இதழில் எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 46. அத்தொடர் 1927 ஆம் ஆண்டு வரை நீண்டது. ஒவ்வோர் இனத்துக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கு நிலைகளையும், உணவுச் செடியையும், பழக்க வழக்கங்களையும் தம் கண்ணாற் கண்டவாறு எழுதினார். இதற்கிடையே காட்டிலாகாவில் படிப்படியாக உயர்ந்து, பம்பாய் மாகாணத்தின் தலைமைக் காட்டுக் காவலர் என்னும் பெரும்பதவியை அடைந்து ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின்னரும் அவர் அயர்லாந்துக்குத் திரும்ப விரும்பவில்லை. கார்வாரிலேயே தம் சகோதரி ஈவாவுடன் குடியிருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். மேஜர் ஸ்காட் என்பவருடன் சேர்ந்து பருந்து விட்டில்கள் எனப்படும் அந்துப்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1937 ஆம் ஆண்டில், அவருடைய 74 ஆம் வயதில் வெளிவந்தது. அவர் சேகரித்தவை இலண்டன் மாநகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன.

பெல்லின் வாழ்க்கையில் சிந்தித்தற்குரிய ஒன்று உண்டு. அவர் உறுப்பாயிருந்த காட்டிலாகா, காடுகளைக் காத்தற்கும் அமைந்தது. மரங்களை வெட்டி விற்று அரசாங்கத்துக்கு வருவாய் தேடுதற்கும் அமைந்தது. அவ்விலாகாவின் கணக்கில் தேக்கும் அதனையொத்த மரங்களுமே மதிப்புடையவை. விலைபோகாத கொடியும் புதரும் வீண். பெல்லின் குறிப்பேட்டிலோ கணக்கு வேறாக இருந்தது. எவரும் விலை கூறாத புதருக்கும் ஆங்கே ஓர் இடமுண்டு. ஏனெனில் ஏதோ ஒரு பூச்சியின் குலம் முழுவதும் அப்புதரையே நம்பியிருந்தது. கொடி ஒன்று அழியுமாயின் அதனை நம்பிய பூச்சியும் அழியும். எத்துணை மலர்கள் பூத்திருப்பினும் அதனைக் காத்தல் இயலாது. தேன் கொடுக்கும் மலர் பூச்சிக்கு விருந்தோம்பும் வீடு. முட்டைக்கு இடங்கொடுக்கும் இலையே அதன் தாய்வீடு. இவ்வுண்மை பெல்லும் அவர் தோழர்களும் தொகுத்த உணவுச் செடிக் குறிப்புகளால் நன்கு விளங்கிற்று.

1947 ஆம் ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றது. ஆங்கில அதிகாரிகள் பலர் கப்பலேறித் தத்தம் நாடு திரும்பினர். முதுமையுற்ற பெல்லோ தாம் விரும்பிய காட்டையும் கடலையும் விட்டு நீங்கவில்லை. 1948 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், விடுதலை பெற்ற இந்தியாவின் கார்வார் நகரிலேயே அவர் இயற்கை எய்தினார். பிறந்த நாடு அயர்லாந்தாயினும், அவர் வாழ்ந்ததும் மறைந்ததும் நம் நாட்டிலேயே ஆகும்.

அவர் மறைந்தபின்னும் அவருடைய உழைப்பு பயன்பட்டே வருகின்றது. நீலகிரியில் ஆசிரியராயிருந்த விண்டர் பிளைத் என்பார் 1957 ஆம் ஆண்டில் இந்திய வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கும், அதன் பின் வந்த நூல்கள் பலவற்றுக்கும் பெல்லின் எழுத்துகள் துணையாயின. 2019 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தமிழ் மறவன் என்னும் வண்ணத்துப்பூச்சியை மாநிலத்துக்குரிய பூச்சியாக அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் அதற்கு 1787 ஆம் ஆண்டிலேயே ஃபாப்ரீசியஸ் பெயரிட்டுவிட்டார். ஆயினும் பெயர் மட்டும் ஒரு பூச்சியைக் காத்துவிடாது. அதன் புழு நீரடிமுத்து மரத்தின் இலையை உண்டு வளர்வது என்பதை அறிந்தவரே, அப்பூச்சியைக் காக்க அம்மரத்தைக் காத்தல் வேண்டும் என்று கூற வல்லவர் ஆவர்.

திருவண்ணாமலையின் சரிவுகளில் 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டு வருகின்றன. மரம் நடுவோர் நிழலையும் கனியையும் மட்டும் எண்ணாமல், எந்தச் செடி எந்த உயிருக்கு உணவாகும் என்பதையும் எண்ணி நடுவராயின், அவ்விடமெல்லாம் வண்ணத்துப்பூச்சிகளும், அவற்றின் புழுக்களை உண்ணும் பறவைகளும் நிறையும். வேலியோரத்து ஆடுதின்னாப்பாளையும் ஏரிக்கரை எருக்கும் களையென்று வேரோடு அழித்தற்குரியன அல்ல. இவ்வறிவைப் பெறுதற்குப் பெருஞ்செல்வமோ அரிய கருவிகளோ வேண்டுவதில்லை. இலையைப் புரட்டி நோக்கும் கண்ணும், நாள்தோறும் புதிய தழை கொணரும் கையும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைக்கும் நேர்மையும், முறை பல தோற்றாலும் மீண்டும் தொடங்கும் உள்ளமும் இருத்தல் வேண்டும். இந்நான்கும் பெல்லிடம் அமைந்திருந்தன. அவற்றை உடைய மாணவர் எவ்வூரில் இருப்பினும் அவ்வூரின் காடும் வயலும் அவர்க்குப் பள்ளியாகும் என்பதற்கு, ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்த அவ்வறிஞரின் வாழ்க்கையே சான்றாய் விளங்குகின்றது.